சாக்ஸ் மாட்டிய பாட்டில்கள்

ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், தம்பி. பரவாயில்லை. என் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் காரியமாக ஜன்னலைத்தான் திறக்கிறார்கள். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் என் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே காற்று நன்றாக வரும்போலிருக்கிறது.

நான் போட்டுக்கொண்டிருப்பது ஓடிகோலன். இளவயதில் இரண்டு சொட்டு போதும், சாயங்காலம்வரை நிற்கும். இப்போது கடையில் கொடுப்பது வெறும் தண்ணீர். கால் பாட்டிலைச் சட்டையில் கவிழ்த்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. கலப்படம். எதில்தான் இல்லை?

செக்போஸ்ட் தாண்டிவிட்டோம், இல்லையா? நல்லது. போலீஸ்காரர் என் பையைத் திறந்து பார்த்தாரே, கவனித்தீர்களா? உள்ளே நாலு கம்பளி சாக்ஸ். அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடிவிட்டார். துவைத்த சாக்ஸ்தான், தம்பி. நானே துவைத்தது. அவற்றுக்குள் இரண்டு சின்ன இருமல் மருந்துக் குப்பிகள் இருக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் பெயர் தைரியநாதன். பெயரில் இருக்கும் தைரியம் ஆளிடம் இல்லை என்று என் மனைவி மர்த்தா சொல்வாள். ஒருவனை முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கேட்க எனக்கு வராது. ஆனால் பஸ்ஸில் பேசிவிடுவேன். நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள், நானும் இறங்கிப் போய்விடுவேன். அதனால்தான் சொல்கிறேன். மனிதர்கள் மேல் எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. சாக்கடையைப் பார்த்தால் வருமே, அந்த அருவருப்பு. அதுவும் முன்பின் தெரியாதவர்கள் மேல் இல்லை. மூன்று பேர் மேல். என் சிநேகிதர்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்நேரம் சவரிராயன் வீட்டு மேசையில் நாலு பாட்டில் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் நின்றுகொண்டிருக்கும், அம்மணமாக. சாக்ஸ் என்னிடம் இருக்கிறதே.

சிரிக்காதீர்கள். விவரம் சொல்கிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எங்கள் ஊரில் என் காலத்துப் பையன்கள் பலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். சொல்தா என்பார்கள் எங்களை. ஆனால் நான் துப்பாக்கி பிடித்ததைவிடத் தக்கைத் திருகாணி பிடித்ததுதான் அதிகம். தெற்குப் பிரான்சில் ஒரு முகாமில் அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டார்கள். வேலை என்ன தெரியுமா? பாட்டிலைத் திறப்பது, தக்கையை மோந்து பார்ப்பது, சரியாக இருந்தால் ஊற்றுவது. சில பாட்டிலில் தக்கை நோய் பிடித்திருக்கும். பார்த்தால் தெரியாது, நிறம் மாறாது, உடம்புக்கும் கெடுதல் இல்லை. வாடை மட்டும்தான். அந்த வாடை பெரிய துரை மேசைக்குப் போய்விட்டால் நம் கதை முடிந்தது. என் கையிலிருந்து ஒரு கெட்ட பாட்டில்கூடப் போனதில்லை. என்னை அங்கே "மூக்கு" என்றே கூப்பிட்டார்கள். இந்த மூக்குதான் எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது. இப்போது வரும் பென்ஷனும் இந்த மூக்குடையதுதான்.

சவரிராயனும் அதே முகாமில்தான் இருந்தான். ஊர் திரும்பிய பிறகு இரண்டு பேர் சேர்ந்தார்கள். அந்துவான் வாத்தியார், பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லாரையும் "முசே" போட்டுத்தான் கூப்பிடுவார். இன்னொருவர் கோதண்டபாணி, கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். சுத்த சைவம். நாங்கள் ரகு என்கிற ஆட்டுக்கறிக் குழம்பு வைத்துக்கொண்டு ஒயின் குடித்தால் அவர் மசால்வடை வைத்துக்கொண்டு குடிப்பார். பிரான்சில் யாராவது பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு, நாலு பேர், நாலு பாட்டில். யாருடைய பிள்ளையாவது பிரான்சிலிருந்து வரும்போது கொண்டுவருவார்கள். போர்தோ ஒன்று, பூர்கோஞ் ஒன்று, ரோன் ஆற்றுப் பக்கத்தது ஒன்று, காஓர் ஒன்று, இப்படி. எது எது என்று தெரிந்துவிட்டால் பெயரைக் குடிப்பார்கள், ஒயினைக் குடிக்க மாட்டார்கள். அதனால் பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டுவது என் ஏற்பாடு. பட்டாளத்தில் கொடுத்த கம்பளி சாக்ஸ், முழங்கால்வரை வரும். கழுத்துவரை ஏற்றி மேலே நூலால் கட்டிவிட்டால் போர்தோவும் ஒன்றுதான், பூர்கோஞும் ஒன்றுதான். சாக்ஸ் மாட்டுவதும், தக்கையை மோந்து பார்ப்பதும், ஊற்றுவதும் நான் மட்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

ருசி பார்க்கும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இதுவும் என் சட்டம். அடுத்தவன் முகத்தைப் பார்த்தால் நம் நாக்கு கெட்டுவிடும். முகம் பெரிய பொய்க்காரன், தம்பி. இல்லை, தப்பு. முகம் உண்மையைச் சொல்லிவிடும், வாய்தான் பொய் சொல்லும். சாப்பாட்டுக் கூடத்தில் நின்று நின்று எனக்கு அது பழக்கம். "பிரமாதம்" என்பார் துரை, மூக்கு நுனி ஒரு நூல் சுருங்கும். நான் அந்த நூலைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டிலைத் திறப்பேன்.

பிறகு மார்க். காகிதம் பேனா எல்லாம் இல்லை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் ஒரு கொட்டாங்குச்சி. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எதற்கு எத்தனை என்பது அவரவர் இஷ்டம். கண்ணை மூடியபடியே கையை நீட்டிப் போட வேண்டும். முதலில் நான், பிறகு மற்றவர்கள். கடைசியில் எண்ணிப் பார்த்துவிட்டு சாக்ஸைக் கழற்றுவோம். அப்போது பார்க்க வேண்டும் சண்டையை! பூர்கோஞுக்குக் கொட்டை குறைந்தால் வாத்தியார் எழுந்து நின்றுவிடுவார். "முசே, இது காட்டுமிராண்டித்தனம்!" சவரிக்கு எப்போதும் கனமான காஓர்தான். "அது ஒயினா, குங்குமத் தண்ணி"ன்னு பூர்கோஞைத் திட்டுவான். கோதண்டபாணி எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டாகப் போட்டு, மீதி இரண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நமக்கு யாரோடும் வழக்கு வேண்டாம் சார்" என்பார். அமீனா அல்லவா. போதும் போதும் என்று வழக்கைப் பார்த்தவர்.

அது ஒரு காலம். அப்புறம் வந்தது அந்தக் கொரோனா. எனக்கும் வந்தது. நாலைந்து நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். எழுந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குத்தான் ஆகிவிட்டது. நான் எழுந்து பார்த்தால் உலகமே கெட்டுப்போயிருந்தது. காப்பித்தூளில் சிக்கரிகூட இல்லை, மண்ணைப் போட்டிருக்கிறான். மல்லிகைப் பூ காகிதப் பூ மாதிரி. மீன்காரி கொண்டுவரும் வஞ்சிரம் வேகவைத்த ரப்பர். மர்த்தா நாற்பது வருடமாகச் சமைத்தவள், அவளுக்கும் கை போய்விட்டது. குழம்பில் உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் எரிகிறது. வேறு ஒன்றும் இல்லை. சொன்னால் முன்பெல்லாம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவாள். இப்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை. தட்டோரத்தில் ஊறுகாயை இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். குற்றம் அவளுடையது, அதனால் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தேன்.

ஒயினும் அப்படியே. பிரான்ஸ்காரனும் ஏமாற்றக் கற்றுக்கொண்டான். துவர்ப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. குடிக்கக் குடிக்க எனக்கு அந்தத் தேசத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் நான் சாக்ஸ் மாட்டினேன், தக்கையை மோந்தேன், ஊற்றினேன், நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு கொட்டை போட்டேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே.

நடுவில் ஒரு நாள் கோதண்டபாணி வீட்டில் சாப்பாடு. அடுக்களைக்கு ஒட்டின கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மற்ற மூன்று பேரும் மாடியில். திடீரென்று மூன்று பேரும் தடதடவென்று ஓடி வருகிறார்கள், ஏதோ வீடு இடிந்ததுபோல. அடுப்பில் பால் தீய்ந்துவிட்டதாம். பாத்திரம் கரியாகிவிட்டதாம். மாடிக்கே எட்டியதாம்.

"பக்கத்துலதானேடா உக்காந்திருக்கே? உனக்குத் தெரியலையா?" என்றான் சவரி.

"நான் வேலையா இருக்கேன். பால் காய்ச்சவா வந்தேன்?" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சவரி என் தோளில் கையை வைத்தான். எதற்கு வைத்தான் என்று எனக்குப் புரியவில்லை. பால் போனது கோதண்டபாணிக்கு, ஆறுதல் எனக்கா? பாலுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிற ஆட்கள் அவர்கள். அதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. கொட்டை சரியாக விழ ஆரம்பித்தது. நான் ஒரு பாட்டிலுக்கு நாலு போட்டால் சவரியும் நாலு. வாத்தியாரும் நாலு. கோதண்டபாணியும் நாலு. நான் பூர்கோஞைக் கீழே தள்ளினால் வாத்தியாரே தள்ளினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "முசே சொன்னா சரி" என்றார் வாத்தியார். நான் எண்ணிக்கையில் தவறாதவன். ஒவ்வொரு தடவையும் எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் ஒரே கணக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து இந்த மூன்று மரமண்டைகளுக்கும் நாக்கைப் பழக்கிவிட்டேன் என்று நினைத்தேன். சாப்பாட்டில் உயிர் இல்லைதான். சண்டை இல்லாத மேசையில் கறிகூட ஆறிப்போய்விடுகிறது. ஆனாலும் பெருமை.

போன் அடிக்கிறது, அடிக்கட்டும். சவரிதான். மூன்றாவது தடவை. சாக்ஸைத் தேடுகிறான்போல.

போன விருந்துக்கு வருகிறேன். சவரி வீட்டில். நாலாவது பாட்டில் ஒரு போர்தோ, பழையது, வாத்தியார் மகள் கொண்டுவந்து கொடுத்தது. நான் திறந்தேன். தக்கையை மோந்தேன். "சுத்தம்" என்றேன். ஊற்றினேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கியது, தம்பி. துவர்ப்பு அளவு, புளிப்பு அளவு. கடிக்கவில்லை, கிள்ளவில்லை. இப்போது வரும் ஒயினில் இந்த அளவுக்கு அடக்கமான ஒன்றை நான் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் இருமினார். ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்லடா தைரியம். அனுபவிச்சுக்கிட்டிருக்கோம்" என்றான் சவரி.

"அபாரம், முசே" என்றார் வாத்தியார். சளிப் பிடித்தவர்போல் இருந்தது குரல்.

"எனக்கு என்னமோ சார், மழையில நனைஞ்ச..." என்று கோதண்டபாணி ஆரம்பித்தார்.

"ஓய், வடையைத் தின்னும்" என்று சவரி அவரை அடக்கினான்.

அந்த நேரம் பார்த்து சவரி மனைவி செசிலி ஆட்டுக்கறி ரகு கொண்டுவந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று, "இதென்னங்க இது, பீரோவுக்கு அடியில எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றாள். சவரி, "நீ உள்ள போடி" என்று ஒரு கத்து. அவள் போய்ப் பின்கதவு, பக்கக் கதவு எல்லாவற்றையும் திறந்துவிடும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம். ஒரு நல்ல ஒயின் மேசைக்கு வந்திருக்கும்போது எலியைப் பற்றிப் பேசுகிறாளே என்று.

நான் ஏழு கொட்டை போட்டேன். ஏழு! என் வாழ்நாளில் ஒரு பாட்டிலுக்கு ஐந்துக்கு மேல் போட்டதில்லை. டக், டக் என்று ஏழு. பிறகு சவரி, ஏழு. வாத்தியார், ஏழு. கோதண்டபாணி கொஞ்சம் தயங்கினார், யாரோ அவர் காலை மிதித்ததுபோல் மேசை ஆடியது, பிறகு ஏழு. நாலேழு இருபத்தெட்டு. எங்கள் மேசையில் எந்தப் பாட்டிலும் அவ்வளவு வாங்கியதில்லை.

"இதை மீதம் வைக்கக்கூடாது" என்று சொல்லி, நானே ஊற்றினேன். வாத்தியார் மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லிக் கிளாஸைக் கவிழ்த்துவிட்டார். கோதண்டபாணிக்கு வீட்டில் ஏதோ விரதமாம். சவரி மட்டும் கிளாஸை நீட்டினான். மூன்று கிளாஸ். நான் ருசியில் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன், அவன் விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்குடா. நீ ஊத்தினா நல்லாத்தான் இருக்கும்" என்றான். நான் கண்ணைத் திறந்தால் அவன் கண்ணில் தண்ணீர். ஒயின் அப்படி என்று நினைத்தேன். அடிமுட்டாள்போல் நம்பினேன், தம்பி.

மறுநாள் காலையில் சாக்ஸை எடுக்கப் போனேன். சவரி வீட்டில் இல்லை. பின்கட்டில் செசிலி ஒயின் ஊற்றும் கண்ணாடிக் கூஜாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இன்னுமா கழுவுறே?"

"போகமாட்டேங்குது அண்ணே. ரெண்டு தரம் புளி போட்டாச்சு, எலுமிச்சம்பழம் போட்டாச்சு. நனைஞ்ச கோணியை மடிச்சு மூலையில போட்டு மறந்தாப்ல ஒரு நாத்தம். குடலைப் பிடுங்குது."

"எதுல?"

"அந்த நாலாவது பாட்டில்லதான்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது இருபத்தெட்டு வாங்கின பாட்டில்" என்றேன்.

அவள் கூஜாவைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவரு என்னைக் கொன்னுடுவாரு. பால் தீஞ்ச அன்னிக்கே மூணு பேருக்கும் தெரியும். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு பேசி வச்சிருக்காங்க."

"என்ன தெரியும்?"

அவள் என் மூக்கைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அந்தப் பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது. வாங்கி மோந்தேன். ஒன்றும் இல்லை! கோணியும் இல்லை, எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சாக்ஸை எடுத்துக்கொண்டேன், இரண்டு மருந்துக் குப்பி கேட்டு வாங்கினேன். ஒன்றில் அந்தப் போர்தோ. இன்னொன்றில் அன்றைக்கு மீந்த வேறொரு பாட்டில், காஓர். காற்றுப் புகாமல் கழுத்துவரை ஊற்றி மூடினேன். வெளியே வந்துவிட்டேன். தெருமுனை திரும்பியதும் சாக்கடை ஓரம் நின்று காறித் துப்பினேன்.

நீங்களே சொல்லுங்கள். இதில் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அந்த ஒயின் நன்றாக இருந்தது, செசிலி கதை கட்டுகிறாள், அல்லது ஒயின் நாறியது, மூன்று பேரும் நாற்றத்தைக் குடித்துவிட்டு எனக்கு முன்னால் "அபாரம்" என்றார்கள். எதை எடுத்தாலும் குமட்டுகிறது. அந்தக் கொட்டை விழும் சத்தத்தை எண்ணியிருக்கிறார்கள், தம்பி! கண்ணை மூடிக்கொண்டு, நான் போடும்போது டக் டக் என்று எண்ணி, அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை வருடம். நான் நாக்கைப் பழக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய் எப்படிச் சிரித்திருப்பார்கள்! "மூக்கு ஏழு போட்டாண்டா" என்று.

மர்த்தாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க உங்களைக் கேலி பண்ணலீங்க" என்றாள்.

"பின்னே?"

"நான் ஊறுகாய் வைக்கிறேன். அவங்க கொட்டை போடுறாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வெங்காயம் அவள் கண்ணைக் கரித்தது, எழுந்து போய்விட்டாள். இது ஒரு பதிலா? ஊறுகாய்க்கும் கொட்டைக்கும் என்ன சம்பந்தம்?

அதற்குள் சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் போயிற்று. நாளைக்குக் காலையில் எனக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கி வைத்திருக்கிறாள். என்ன டாக்டர்? மூக்கு டாக்டர். என் மூக்குக்கு என்ன? பாருங்கள். நேராக இருக்கிறது, சளி இல்லை, தும்மல் இல்லை, மூச்சு நன்றாகப் போய் வருகிறது. அங்கே கண்ணைக் கட்டிவிட்டுச் சின்னச் சின்னக் குப்பிகளை மூக்கில் காட்டுவார்களாம். கற்பூரம், காப்பித்தூள், கிராம்பு. எது எது என்று சொல்ல வேண்டுமாம். யாரிடம்? பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டினவனிடம்!

நாளைக்குத்தான் டாக்டர், சாயங்காலம் கிளம்பினால் போதும் என்றாள் மர்த்தா. நான் வேண்டுமென்றேதான் காலையில் கிளம்பினேன். இன்று அந்த மேசையில் என் நாற்காலி காலியாக இருக்க வேண்டும். பாட்டில்கள் பெயரோடு நிற்க வேண்டும். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு குடிக்கட்டும். இனிமேல் அந்தப் பக்கம் போவதாகவும் இல்லை.

மரக்காணம் வந்துகொண்டிருக்கிறது. அதோ உப்பளம். நீங்கள் மகாபலிபுரத்தில் இறங்குவதாகச் சொன்னீர்கள், இல்லையா? அதற்குள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும்.

இந்தாருங்கள். சாக்ஸுக்குள் இருப்பது அந்தக் குப்பிகள்தான். எது எது என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்க வேண்டாம். மோந்து பார்த்தால் போதும். ஏன் உங்களிடம் கேட்கிறேன் தெரியுமா? உங்களுக்கு நான் யாரோ. உங்களுக்கு ஒயினும் தெரியாது. உங்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. கண்ணை மூட வேண்டாம், திறந்தே பாருங்கள். நானும் திறந்துதான் இருப்பேன்.

முதல் குப்பி. ம். சரி. மூடிவிடுங்கள்.

இது இரண்டாவது. பஸ் குலுங்குகிறது, பார்த்து. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ம்.

என்ன?

இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா? இரண்டும் நன்றாக இருக்கிறதா?

தம்பி. உங்கள் தலை பின்னால் போனதை நான் பார்த்தேன். கழுத்து நரம்பு எழும்பியதைப் பார்த்தேன். மூக்கு நுனி சுருங்கியதைப் பார்த்தேன், ஒரு நூல் இல்லை, நாலு நூல். இந்த முகத்தை நான் எத்தனை மேசையில் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அதற்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு ஐயா" என்கிறீர்கள்.

நீங்களுமா?

சீ. கொடுங்கள் அதை.

நான் உங்களுக்கு என்ன வேண்டும்? அண்ணனா, மாமனா? புதுச்சேரியில் ஏறினோம், பக்கத்தில் உட்கார்ந்தோம், அவ்வளவுதானே? என்னிடம் பொய் சொல்லி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குப் போய் என்னை நினைத்துச் சிரிக்கப்போகிறீர்களா? அப்படிப்பட்ட ஆளாகவும் தெரியவில்லையே. பின்னே ஏன்? ஏன் சொன்னீர்கள்? தலையைக் குனியாதீர்கள். நான் திட்டவில்லை. கேட்கிறேன்.

அப்படியானால் இந்த ஓடிகோலன்? ஏறினவுடனே ஜன்னலைத் திறந்தீர்களே, அது...

வேண்டாம். சொல்ல வேண்டாம். முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

போன் மறுபடியும் அடிக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். விட மாட்டான் அந்தப் பயல்.

அலோ. என்னடா? ... பஸ்ல. ... மரக்காணம். ... ஆமா, சாக்ஸ் என்கிட்டதான் இருக்கு. ... யாரும் ஆரம்பிக்கலையா? ஏன், உங்களுக்குக் கை இல்லையா? ... சரி, சரி. கத்தாதே. பாட்டிலைத் தொடாதீங்க. மேல ஒரு துண்டைப் போட்டு மூடி வை, வாத்தியார் எழுத்துக் கூட்டிப் படிச்சுடுவாரு. ... இறங்குறதா இல்லையான்னு இன்னும் நான் சொல்லலை. எதிர்ப்பக்கம் பஸ் எப்ப வருமோ எனக்கு என்ன தெரியும்? ...

சவரி. அது இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. அன்னிக்கு அந்த நாலாவது பாட்டில் மூணு கிளாஸ் குடிச்சியே. நான் கண்ணை மூடிக்கிட்டுதானே இருந்தேன். மூக்கைப் பொத்திக்கிட்டுத்தானேடா குடிச்சே?

...

சிரிக்காதடா.